தொட்டிக்கு அடியில்

தமிழில் 'அங்கணம்' என்றொரு சொல் உண்டு. பாத்திரம் கழுவிய நீரும் எச்சிலும் ஓடிச் சேரும் இடத்துக்கு அந்தப் பெயர். திருக்குறளில் அவையறிதல் அதிகாரத்தின் கடைசிக் குறளான 720இல் அது வருகிறது. தமக்கு ஒவ்வாதவர் கூடிய அவையில் பேசுவது அங்கணத்தில் அமிழ்தத்தைக் கொட்டுவது போன்றது என்கிறார் வள்ளுவர். இந்தக் குறளை நடத்தும்போது மாணவிகள் அமிழ்தத்தைப் பற்றியே கேட்பார்கள். அங்கணத்தைப் பற்றிக் கேளுங்கள் என்பேன். அதை யார் கழுவியிருப்பார்?

நம் இலக்கியத்தில் சமையலறைக் கழிவுக்கு இடம் இல்லாமலில்லை. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து அட்டில்களில் வடித்த கஞ்சி தெருவில் ஆறாக ஓடுகிறது. காளைகள் அதில் மோதிச் சேறாக்குகின்றன. மணிமேகலையின் 28ஆம் காதையில், வஞ்சி நகரத்து வீடுகளில் பெண்கள் தலைமுழுகிய வாசநீர் சுருங்கை என்னும் நிலத்தடித் தூம்பு வழியே அகழியில் கலக்கிறது. கஞ்சி ஓடினால் வளம், நீர் மணத்தால் செல்வம். கஞ்சியை வடித்தவளும் தெருச்சேற்றை வழித்தவரும் தூம்பில் இறங்கியவரும் பாட்டுக்குள் வரவில்லை.

அந்த விடுபட்ட கைகளைத் தேடித்தான் இந்தக் கட்டுரை. நான் தேடத் தொடங்கிய இடம் ஏட்டுச்சுவடி எதுவுமில்லை. சாந்தோமில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஒரு மின்னியந்திரம். காய்த்தோலையும் மிச்சச் சோற்றையும் அரைத்துச் சாக்கடைக்கு அனுப்பும் இயந்திரம் அது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் பொருத்திவிட்டுப் போனது. சென்ற ஆண்டு அதன் அடிப்பாகத்திலிருந்து நீர் கசியத் தொடங்கியது. அடிப்பாகத்தில் கசிந்தால் உள்ளே மோட்டாரைக் காக்கும் சீல் போய்விட்டது என்று பொருள். பழுது பார்ப்பதைவிட மாற்றுவதே வழி.

இந்த இயந்திரம் வருவதற்கு முன் இந்தப் பகுதி வீடுகளில் என்ன நடந்தது? பாட்டிமார் தலைமுறையில் அரிசி களைந்த நீர் கழுநீர்ப் பானைக்குப் போனது. மாடு வைத்திருந்தவர்கள் வந்து 'கழனித்தண்ணி' என்று கேட்டு வாங்கிப் போனார்கள். காய்த்தோல் ஆட்டுக்கு. மீன் செதிலும் குடலும் காக்கைக்கும் பூனைக்கும். தேங்காய் நாரும் சாம்பலும் புளிக்கோதும் பாத்திரம் தேய்க்க. எதுவும் வீணாகாத அந்தக் காலத்தை நினைத்து உருகுவது எளிது. ஆனால் அதே வீடுகளில் கழிவெடுக்க வருபவருக்குக் கொல்லைப்புற வழி மட்டுமே திறந்திருந்தது. பழைய சோற்றையே கூலியாகக் கொடுத்து அதைத் தர்மம் என்று சொல்லிக்கொண்டார்கள். கழிவு வீணாகாததற்கு மாடும் ஆடும் மட்டும் காரணமல்ல, சாதியும் காரணம்.

இயந்திரத்தின் கதை வேறொரு நாட்டில் தொடங்குகிறது. 1926இல் பிராங்க்பர்ட் நகரத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். காய் நறுக்கும் மேசையிலேயே கழிவை வழித்துத் தள்ள ஓர் இழுப்பறை வைத்தார். வேலை செய்யும் பெண் எத்தனை முறை திரும்புகிறாள், எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்கிட்டுப் பார்த்த வடிவமைப்பு அது. இழுப்பறை நிறைந்தால் யாராவது எடுத்துப்போய்க் கொட்டவேண்டும் என்பதும் அதில் மறைக்கப்படவில்லை.

அதற்கு அடுத்த ஆண்டு, 1927இல், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ரசீன் ஊரில் ஜான் ஹாம்ஸ் என்ற கட்டடக் கலைஞர் தொட்டிக்கு அடியில் வைத்துக் கழிவை அரைக்கும் கருவியைச் செய்தார். 1935இல் காப்புரிமை கிடைத்தது. 1938இல் இன்சிங்கரேட்டர் நிறுவனம் தொடங்கியது. மனைவியின் வேலையைக் குறைக்கச் செய்தார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. நான் படித்தவற்றில் அந்த மனைவிக்குப் பெயர் இல்லை. அவர் என்ன கேட்டார் என்பதும் இல்லை. 1950இல் இந்தியானா மாநிலத்தின் ஜாஸ்பர் என்ற சிற்றூர், வீடுதோறும் இந்தக் கருவியைப் பொருத்தும் திட்டத்தில் இறங்கியது. நியூயார்க் நகரமோ மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் ஓடும் தன் பழைய சாக்கடைக்கு அஞ்சி, 1997 வரை பெரும்பாலான பகுதிகளில் இதைத் தடை செய்திருந்தது.

வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலில் வீட்டு இயந்திரங்களைப் பற்றி ஒரு கேள்வி எழுப்பினார்: இத்தனை இயந்திரம் வந்தும் பெண்ணின் வேலைநேரம் ஏன் குறையவில்லை? விறகு வெட்டுவதுபோல ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளைத்தான் புதிய கருவிகள் முதலில் ஒழித்தன. மிஞ்சியது பெண்ணிடமே தங்கியது என்பது அவர் காட்டிய விடைகளில் ஒன்று. கழிவரைக்கும் இயந்திரத்தையும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். குப்பை வாளியை வெளியே எடுத்துப்போவது அமெரிக்க வீடுகளில் ஆண்களும் பையன்களும் செய்துவந்த சொற்ப வேலைகளில் ஒன்று. இயந்திரம் அவர்களை விடுவித்தது. தொட்டி முன்னால் நிற்பவள் அங்கேயே நின்றாள்.

நம் ஊருக்கு வருவோம். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி கொடுத்தபோது, அரைப்பது எவ்வளவு பெரிய உடலுழைப்பு என்பது அரசாணையிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது போலிருந்தது. ஆனால் சமைப்பதற்கு முன் அரைப்பது வேறு, சமைத்தபின் கழிப்பது வேறு. கழிவரைக்கும் இயந்திரம் வெளிநாட்டில் வாழ்ந்து திரும்பியவர்கள் வழியாகவும், புதிய அடுக்குமாடிகளின் வழியாகவும் சில வீடுகளுக்கு மட்டும் வந்தது. அது நம் சமையலைத் தெரிந்து செய்யப்பட்டதும் அல்ல. வாழைத்தண்டின் நார் அதன் சுழல் தட்டில் நூலாகச் சுற்றிக்கொள்ளும். முருங்கைச் சக்கை, புளிக்கோது, தேங்காய் நார், கறிவேப்பிலை ஈர்க்கு எல்லாம் அதற்கு ஆகாதவை. சோறு குழாயில் ஊறிப் பசையாகும்.

எங்கள் வீட்டில் அதைப் பெரும்பாலும் இயக்கியவர், பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. பட்டினப்பாக்கத்தில் இருக்கிறார், ஐம்பதைக் கடந்தவர். உள்ளே விழுந்த தேக்கரண்டியை எடுக்கவேண்டி வந்தபோது ஒருமுறை சொன்னார்: "டீச்சர், அந்த ஓட்டைல கை விடறதுன்னா எனக்கு பயமாக்கீது." அந்தப் பயம் சரியானது. இயந்திரத்தோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அதில் 'பயனாளர்' என்று குறிப்பிடப்பட்டவர் வீட்டுக்காரர். நாள்தோறும் கை வைக்கிற பெண்ணிடம் அதை யாரும் படித்துக் காட்டுவதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்குப் பாதுகாப்பான பணியிடம் உரிமை என்று 2011இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை சொன்னது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை. தமிழ்நாட்டில் 2007இலேயே வீட்டுப் பணியாளர் நலவாரியம் வந்துவிட்டது. சமையலறை ஒரு பணியிடம் என்ற எண்ணம்தான் வீடுகளுக்குள் வரவில்லை.

பழுதைப் பார்க்க வந்த மெக்கானிக், குழாயைப் பார்ப்பதற்கு முன் "வீட்ல சார் இல்லீங்களா?" என்றார். நான் இயந்திரத்தைக் கழற்றுவது என்று முடிவெடுத்தது அப்போதுதான். இது ஒன்றும் வித்தையல்ல. பெண்களிடம் ஸ்பேனரைக் கொடுக்காமலிருந்ததுதான் இதை வித்தையாக்கியது. செய்ய விரும்புகிறவர்களுக்காக முறையைச் சொல்கிறேன்.

முதலில் மின்சாரம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கைப் பிடுங்கவேண்டும். பிளக் இல்லாமல் நேராக வயரில் இணைத்திருந்தால், மின்பெட்டியில் அந்த இணைப்புக்குரிய எம்.சி.பி.யை இறக்கி, 'வேலை நடக்கிறது, போடாதே' என்று ஒரு சீட்டை ஒட்டுங்கள். வேலை தெரியாத ஒருவர் அதை ஏற்றிவிடுவதுதான் ஆபத்து. பிறகு டெஸ்டரால் பாருங்கள். அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்பதை உயிருள்ள வேறொரு பிளக்கில் முன்பே சோதித்துக்கொள்ளுங்கள். நேரடி வயர் என்றால் அதைப் பிரிப்பதையும் சேர்ப்பதையும் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனிடம் விடலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். காலில் ரப்பர் செருப்பு.

அடுத்து, வளைகுழாய்க்கு அடியில் ஒரு வாளி. அதில் எப்போதும் கொஞ்சம் நீர் நிற்கும். சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பது அந்த நீர்தான். குழாயின் இணைப்பு நட்டுகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். இயந்திரம் ஐந்து கிலோவுக்கு மேல் இருக்கும். கழன்றதும் முகத்திலோ கையிலோ விழாமலிருக்க, அடியில் கவிழ்த்த குண்டானோ புத்தக அடுக்கோ கொடுங்கள். எங்கள் வீட்டில் பழைய அகராதித் தொகுதிகள் உதவின. பிறகு மேலே உள்ள பூட்டு வளையத்தை இடப்பக்கமாகத் திருப்பினால் இயந்திரம் தனியே இறங்கிவிடும். தொட்டித் துளையில் ஒட்டியிருக்கும் பழைய விளிம்பை எடுத்து, காய்ந்த பூச்சைச் சுரண்டித் துடைக்கவேண்டும்.

புதியதை வாங்குமுன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, துளையின் அளவு. இந்தக் கருவிகள் பெரும்பாலும் சுமார் 90 மில்லிமீட்டர் துளைக்கானவை; நம் எவர்சில்வர் தொட்டிகளின் துளை மாறுபடும். இரண்டு, மின்னழுத்தம். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவருவது 120 வோல்ட்டுக்கானது. நம் 230 வோல்ட்டில் போட்டால் எரிந்துவிடும். மூன்று, எர்த். மூன்று முனை பிளக்கும் உயிருள்ள எர்த் இணைப்பும் இல்லாமல் நீரோடு சேர்ந்து ஓடும் எந்த இயந்திரத்தையும் பொருத்தக்கூடாது. மின்கசிவு நேர்ந்த கணத்தில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

பொருத்துவது கழற்றியதன் தலைகீழ் வரிசை. விளிம்புக்கு அடியில் பூச்சோ ரப்பர் வளையமோ வைத்து, திருகுகளை ஒரேயடியாக முறுக்காமல் மாறி மாறிச் சமமாக முறுக்கவேண்டும். முதலில் மின்சாரம் கொடுக்காமல் தொட்டியை நீரால் நிரப்பித் திறந்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் காய்ந்த துணியால் தொட்டுப் பார்க்கவேண்டும். கசிவில்லை என்று தெரிந்தபின்தான் மின்சாரம்.

பயன்படுத்துகிற எல்லோருக்கும் சொல்லவேண்டியது இது: துளைக்குள் கை போகவே கூடாது, பிளக்கைப் பிடுங்கியிருந்தாலும். உள்ளே கத்தி இல்லை; சுழலும் தட்டும் அதில் ஆடும் இரும்புத் துண்டுகளும் சுற்றிலும் அரைக்கும் வளையமும் இருக்கின்றன. விழுந்ததை இடுக்கியால் எடுக்கவேண்டும். சிக்கிக்கொண்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பல மாதிரிகளின் அடிப்பக்கத்தில் இருக்கும் துளையில் அறுகோணச் சாவியைப் போட்டு முன்னும் பின்னும் திருப்பலாம். அடைப்புக்கு ஆசிட் ஊற்றக்கூடாது. அடுத்துக் குழாயைக் கழற்றுகிறவரின் முகத்தில் அது தெறிக்கும்.

இதுவரை சொன்ன பாதுகாப்பெல்லாம் தொட்டியிலிருந்து சுவர் வரைக்குமானது. எந்தக் கையேடும் சுவரோடு நின்றுவிடுகிறது. சுவருக்கு அப்பால் சாக்கடை இருக்கிறது, அதற்கொரு வரலாறு இருக்கிறது.

சென்னையின் பாதாளச் சாக்கடைக்கு 1910இல் திட்டம் வரைந்தபோது, 1961இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்தவர்கள் 17 லட்சத்துக்கும் மேல். அதன்பின் எத்தனையோ விரிவாக்கங்கள் நடந்தன. 1978இல் குடிநீர் வடிகால் வாரியமும் அமைந்தது. என்றாலும் நகரம் எப்போதும் குழாயை முந்திக்கொண்டே வளர்ந்தது. அந்தக் குழாய்க்குள்தான் அரைத்த சோறும் எண்ணெய்ப் பிசுக்கும் போகின்றன. அவை மெதுவாக ஓடும் இடத்தில் படிகின்றன, எண்ணெய் கட்டியாகிறது. காற்றில்லாமல் அழுகும் கழிவிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு பிறக்கிறது. மேன்ஹோலுக்குள் இறங்கியவரை மூச்சுமுட்டிக் கொல்லும் வாயு அதுதான்.

கையால் மலமள்ளும் வேலையை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவியில்லாமல் சாக்கடையில் ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. 2023 அக்டோபரில் அந்தத் தொகையை 30 லட்சமாக்கியது. இறப்பு நிற்கவில்லை. அரசு வெளியிட்ட கணக்குகளிலேயே தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. 2017இல் வெளிவந்த திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தைப் பார்த்தவர்களுக்கு, இறக்கப்படுகிறவர்கள் எந்தச் சாதியினர் என்று தனியே சொல்லவேண்டியதில்லை.

குழாய்க்குள் போகாத கழிவு தெருவுக்கு வருகிறது. 1989இல் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, மூன்று சக்கர வண்டியை வைத்து வீட்டுவாசலிலேயே குப்பை வாங்கும் பழக்கத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தது. 2000 முதல் ஓனிக்ஸ், பிறகு நீல் மெட்டல் பனால்கா, ராம்கி என்று தனியார் ஒப்பந்தங்கள் மாறி மாறி வந்தன. நிறுவனத்தின் பெயர் மாறியது. குப்பை வாங்கும் கைகள் பெரும்பாலும் தலித் பெண்களின் கைகளாகவே இருந்தன. 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், ஈரக்குப்பையையும் உலர்குப்பையையும் பிரித்துக் கொடுக்கச் சொன்னபோது, 'கழிவை உருவாக்குபவர்' என்று பாலற்ற ஒரு சொல்லைப் பயன்படுத்தின. பிரிக்கிற வேலை வீட்டுப் பெண்ணிடம் வந்தது. பிரிக்காமல் கொடுத்ததைப் பிரிக்கிற வேலை தெருவில் நிற்கும் பெண்ணிடம் போனது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாருக்குக் கொடுப்பதை எதிர்த்து ரிப்பன் மாளிகை முன் 13 நாள் அமர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அகற்றியது.

இத்தனையையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு முறையும் வீட்டுப் பெண்ணுக்குக் கழிவு கண்ணுக்குத் தெரியாமல் போனபோது, அது மறையவில்லை. வேறொருவர் கைக்குப் போனது. கொல்லை வழியே, தொட்டித் துளை வழியே, மேன்ஹோல் வழியே. வீட்டுக்குள் பெண்களின் கை, தெருவில் தலித் பெண்களின் கை, நிலத்தடியில் தலித் ஆண்களின் கை. இந்த வரலாற்றில் சேராத கை ஒன்றே ஒன்றுதான்: உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த வீட்டு ஆணின் கை.

இதைச் சொல்லும்போது, இயந்திரத்தை வைத்திருக்கும் பெண்களைக் குற்றவாளியாக்க நான் விரும்பவில்லை. மூட்டு தேய்ந்த மூதாட்டிக்கு மூன்று மாடி வாளி தூக்குவதைவிட ஒரு பொத்தான் பெரிய விடுதலை. என் அம்மாவுக்கு அப்படித்தான் இருந்தது. சுற்றுச்சூழலைக் காப்பதும் சமையலறையில் நிற்பவளின் கடமை என்று ஆக்குவது, பழைய சுமையின்மேல் புதிய சுமை. அதேபோல், 2019 கோடையில் ஏரிகள் வற்றி, தெருவெங்கும் பெண்கள் குடங்களோடு லாரிக்குக் காத்திருந்தபோது, அரைப்பதற்காகக் குழாயைத் திறந்துவிடச் சொல்லும் ஓர் இயந்திரத்தைச் சென்னையில் எளிதாக நியாயப்படுத்தவும் முடியாது. இரண்டும் உண்மை.

எங்கள் வீட்டில் புதிய இயந்திரம் வரவில்லை. அது இருந்த இடத்தில் சாதாரண வடிகால் இணைப்பையும் எடுத்துக் கழுவக்கூடிய சல்லடைக் கூடையையும் பொருத்தினேன். ஆனால் வடிகாலை மாற்றியது பாதி மாற்றம்தான். ஈரக்குப்பை வாளியைத் தினமும் காலை கீழே கொண்டுபோவது இப்போது கணவரும் கல்லூரியில் படிக்கும் மகனும் மாறி மாறிச் செய்யும் வேலை. வாளியைக் கழுவி வைப்பதும் சேர்த்து. முதல் வாரத்தில் வாசனையைப் பற்றி நிறைய விவாதம் நடந்தது. அக்காவுக்கு அதில் ஒரே ஒரு வியப்பு: "தம்பி வாளி கழுவறதை இப்பதான் பாக்கறேன்." அம்மா படியிறங்குவதில்லை.

இதனால் நகரத்துச் சாக்கடை சுத்தமாகிவிடாது. இயந்திரத்தால் அள்ளும் வண்டிகள், தகுந்த கூலி, நிரந்தர வேலை, சட்டத்தை மீறி ஆளை இறக்கியவருக்குத் தண்டனை இவையெல்லாம் போராடிப் பெறவேண்டியவை. வாளி அவற்றுக்கு ஈடாகாது. ஆனால் வீட்டில் எதை மாற்றும்போதும் கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி இருக்கிறது. இது என் கையை விடுவிக்கிறது, சரி; அடுத்து யார் கைக்குப் போகிறது? வீட்டில் இன்னும் நனையாத கை எது? அங்கணத்தைத் தமிழ் மறந்து நெடுநாளாயிற்று. ஆனால் இந்தக் கேள்விக்கு வேண்டிய சொல் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைச் சொல்லும்போதே, கழுவுகிற ஒருவர் நினைவுக்கு வந்துவிடுகிறார்.